டெல்டா மண்ணுக்குக் கொத்து ரோஜா

நர்சரியில் ‘பட்டன் ரோஸ்’ என்று கேட்டால் குட்டிப் பூ பூக்கிற எதையும் தூக்கிக் கொடுப்பார்கள். கொத்தாகப் பூக்கும் பழைய ரோஜாக்கள் வேண்டுமென்றால் பாலியந்தா, நாய்செட் என்று குலம் சொல்லிக் கேளுங்கள். இரண்டிலும் சீன ரோஜாவின் ரத்தம் உண்டு. வருடம் முழுக்கப் பூக்கும் குணம் அங்கிருந்துதான் வருகிறது. பாலியந்தாவின் இன்னொரு மூதாதை மல்டிஃப்ளோரா என்ற காட்டு ரோஜா. சீன ரத்தம் கலக்காத மல்டிஃப்ளோரா கொடிகள் ஆண்டுக்கு ஒரே தரம்தான் பூக்கும், அதற்கும் நல்ல குளிர் வேண்டும். தஞ்சாவூரின் மார்கழிப் பனி அதற்குப் போதாது. கொடி பந்தலை நிறைக்கும், பூவைக் காண முடியாது.

பாலியந்தாவில் முதலில் பார்க்க வேண்டியது ‘செசில் புரூன்னர்’. 1881-இல் பிரான்சில் வந்தது. மொட்டு விரல் நுனி அளவுதான், ஆனால் பெரிய ரோஜா மொட்டின் கூர்மை அப்படியே இருக்கும். வெளிர் ரோஸ் நிறம், முள் குறைவு. இதிலேயே கொடி வகையும் உண்டு, சிறிய இடத்துக்கு அது வேண்டாம். செடி வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். ‘மரி பாவியே’ (1888) வெள்ளை, முள் அநேகமாக இல்லை, மணம் உண்டு. குழந்தைகள் ஓடும் வாசலுக்கு ஏற்றது. ‘தி ஃபேரி’ (1932) பூத்துத் தள்ளும், மணம்தான் கிடையாது. நாய்செட்டில் ‘பிளஷ் நாய்செட்’ ஒன்று போதும்.

வாங்கும்போது பதியன் அல்லது போத்தில் (நட்ட குச்சியில்) வளர்ந்த செடிக்கே முதலிடம். ஒட்டுச் செடியில் அடிச்செடி துளிர்த்தால் மேல் ரகத்தை அமுக்கிவிடும். ஏழு இலை இருந்தால் காட்டுத் துளிர் என்பார்கள். பாலியந்தாவுக்கு அந்தக் கணக்கு உதவாது, அதன் இலையிலும் ஏழு சிற்றிலை வரும். இலைக்காம்பின் அடியில் சீப்புப் பல் போல ஓரம் கிழிந்த செதிலும் மல்டிஃப்ளோரா வழியாக அடிச்செடி, பாலியந்தா இரண்டிலும் வரலாம். அடிமண்ணை விலக்கி, துளிர் ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று பார்ப்பதே வழி. கீழிருந்து வந்தால் வெட்டாதீர்கள், அடியோடு பிய்த்தெடுங்கள். வெட்டினால் இரண்டாகத் துளிர்க்கும்.

இங்கே ரோஜாவைக் கொல்வது வெயிலைவிட ஐப்பசி, கார்த்திகைத் தண்ணீர்தான். களிமண்ணில் ஒன்றரை அடிக் குழி வெட்டி, அதில் மட்டும் செம்மண்ணும் எருவும் நிரப்புவது பரவலான பழக்கம். சுற்றிலும் களி இருப்பதால் மழைநீர் குழிக்குள்ளேயே தேங்கி வேர் அழுகும். அதற்குப் பதில் தரைக்கு மேல் ஓர் அடி உயரத்துக்குப் பாத்தி கட்டுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழுவுரம், ஒரு பங்கு ஆற்று மணல். அடியில் உள்ள களியையும் கொத்திக் கலந்துவிட வேண்டும். நடவு தை பிறந்ததும். நர்சரிச் செடியின் வேரைச் சுற்றி இறுகிய மண் உருண்டை இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து ஓரத்தை உதிர்த்த பிறகே நடவும்.

நாகை, வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. இலை ஓரம் கருகுவதும் பூந்தொட்டி விளிம்பில் வெள்ளை படிவதும் அதன் அடையாளம். மழைநீரைத் தொட்டியில் சேர்த்து வையுங்கள். மாதம் ஒருமுறை, பூந்தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் ஊற்றி அடித்துளை வழியே வடியவிட்டால் உப்பு கழுவிப் போகும்.

கவாத்தை அடைமழையில் செய்தால் வெட்டுவாய் கறுத்துக் குச்சி கீழ்நோக்கிக் காயும். மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியே சரி. பெரிய ரோஜாவைப் போல ஒட்ட நறுக்க வேண்டாம்: காய்ந்த குச்சி, குறுக்கே ஓடும் குச்சி, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவே. இடையில் பூ உதிர்ந்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருக்காமல், கொத்து முடிந்ததும் அதன் கீழே உள்ள முதல் நல்ல இலைக்கு மேலே வெட்டிவிடலாம்.

கரும்புள்ளி நோய்க்கு இலை ஏழு மணி நேரத்துக்கு மேல் நனைந்திருந்தால் போதும். அதனால் மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள், உதிர்ந்த புள்ளி இலையைப் பொறுக்கி எரியுங்கள். மழைக்கு முன்பே லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப் தெளித்தால் காக்கும். புள்ளி விழுந்த இலையை எந்த மருந்தும் திருப்பித் தராது. சித்திரை வெயிலில் இலை வெளிறி அடியில் நூலாம்படை தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. அப்போது மட்டும் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், வெயிலில் சீக்கிரம் உலர்ந்துவிடும்.