பதினாலு போதும்னு சொன்ன பெரியவர்

நான் சேலத்துல ஒரு ஆஃபீஸ்ல நைட் ஷிஃப்ட் பாக்கறேன், ஆறு வருஷம் முடிஞ்சிடுச்சு. எம்எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சேன். என்ன வேலைன்னு யாராவது கேட்டா லேப் ரிப்போர்ட் செக் பண்றேன்னு மட்டும் சொல்லுவேன், எதோட ரிப்போர்ட்டுன்னு சொன்னா அம்மாவுக்கு சங்கடம். கனடாவுல 2018 அக்டோபர்ல இருந்து கஞ்சாவை சட்டப்படி கடையில விக்கறாங்க, லைசென்ஸ் வாங்கி வளக்கறவங்க ஒவ்வொரு பேட்சையும் டெஸ்ட் பண்ணித்தான் வெளிய விடணும், அந்த ரிப்போர்ட்டுல இருக்கற நம்பரும் டப்பா மேல ஒட்டற லேபிள் நம்பரும் ஒத்துப்போகுதான்னு பாக்கறதுதான் எங்க டீமோட வேலை. அந்தச் செடியை நான் நேர்ல பாத்ததே இல்ல. ஆனா அதைப்பத்தி ஆயிரக்கணக்கான ஷீட் படிச்சிருக்கேன்.

ஷீட்ல மொத கண்ணு போறது டிஹெச்சின்னு போட்ட கட்டத்துக்குத்தான், போதை குடுக்கற பொருள் அதான். பச்சையா இருக்கறப்ப அது ஆசிடா, டிஹெச்சிஏவா இருக்கும், சூடு பட்டாதான் கார்பன் டை ஆக்சைடு பிரிஞ்சு டிஹெச்சியா மாறும், அதனால டிஹெச்சிஏவை 0.877ஆல பெருக்கி ஏற்கனவே இருக்கற டிஹெச்சியோட கூட்டணும். இந்தக் கணக்கை நான் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் போடுவேன். மொத்தம் 20 சதவீதத்துக்கு மேல வந்தா கஸ்டமருக்கு, அதாவது வளக்கறவங்களுக்கு, சந்தோஷம், 25ஐ தாண்டினா கொண்டாட்டம், 14 வந்துச்சுன்னா மெயில் வரும், மறுபடி டெஸ்ட் பண்ணலாமான்னு.

நான் சேந்த புதுசுல இது எனக்கு இயல்பாத்தான் தெரிஞ்சது, நம்பர் பெருசா இருந்தா சரக்கு நல்லதுன்னு நானும் நம்பினேன். அப்பறம்தான் படிக்க ஆரம்பிச்சேன். அமெரிக்காவுல மிசிசிப்பி யுனிவர்சிட்டில போலீஸ் பிடிச்ச கஞ்சாவை வருஷக்கணக்கா அளந்துட்டு வராங்க, 1995ல சராசரி 4 சதவீதம், 2014ல 12 சதவீதம். இருபது வருஷத்துல மூணு மடங்கு. இப்ப கடையில விக்கறதுல 12ன்னாலே கம்மின்னு ஒதுக்கறாங்க, கான்சன்ட்ரேட்னு பிழிஞ்சு எடுக்கறது 70, 80ன்னு போகுது. செடி தானா இப்படி மாறல, நம்பருக்காகவே தலைமுறை தலைமுறையா பொறுக்கி பொறுக்கி இனம் கலந்து கொண்டுவந்துட்டாங்க.

ஏன் எல்லாரும் பெரிய நம்பரை தொரத்தறாங்கன்னா அதுக்கு ஒரு காரணம் வரி. கனடாவுல கஞ்சா பூவுக்கு கிராமுக்கு ஒரு டாலர் இல்லன்னா விலையில 10 சதவீதம், எது அதிகமோ அது. எவ்வளவு ஸ்ட்ராங்னு வரி பாக்காது. அப்ப வாங்கறவன் என்ன பண்ணுவான், குடுக்கற காசுக்கு எதுல டிஹெச்சி ஜாஸ்தின்னு பாத்து எடுப்பான், கடைக்காரர் அதைத்தான் முன்னாடி வைப்பாரு, வளக்கறவரும் அதுக்கே ஓடுவாரு.

இதுல ஒரு சம்பவம் எனக்கு ஆறவே இல்ல. ஒரு கஸ்டமர் ஒரே பேட்சை மூணு லேபுக்கு அனுப்பியிருந்தாங்க. ஒண்ணுல 19.2, ஒண்ணுல 22.6, இன்னொண்ணுல 27.1. மூணும் என் ஸ்க்ரீன்ல பக்கத்து பக்கத்துல நிக்குது. லேபிளுக்கு 27.1 போடுங்கன்னு மெயில். ஒரே பூ எப்படி எட்டு பாயின்ட் வித்தியாசம் காட்டும், எந்த மெஷினும் அவ்வளவு தப்பாது, நான் ஏன்னு கேட்டு க்வெரி போட்டேன். எங்க லீட் வந்து, ஏங்க, கஸ்டமர் லேப் ரிப்போர்ட் குடுத்துட்டாங்கல்ல, நமக்கென்ன, க்ளோஸ் பண்ணிடுங்கன்னு சொன்னாரு. பண்ணிட்டேன். அன்னைக்கு காலையில வீட்டுக்கு போயும் தூக்கம் வரல. 2023ல கொலராடோவுல கடையில வாங்கி தனியா டெஸ்ட் பண்ணி ஒரு பேப்பர் போட்டாங்க, பெரும்பாலான சாம்பிள் லேபிள்ல போட்டதைவிட நல்லாவே கம்மி. படிச்சப்ப அந்த 27.1தான் ஞாபகம் வந்துச்சு.

போன ரெண்டு மூணு வருஷமா வேற மாதிரி ஷீட்டும் வருது. டிஹெச்சி 12, 13, 14. சிலதுல சிபிடியும், அதே செடியில இருக்கற போதை தராத பொருள், கிட்டத்தட்ட அதே அளவு. மொதல்ல ஃபெயில் ஆன பேட்ச்னு நெனச்சேன், இல்ல, வேணும்னே அப்படி வளக்கறாங்க. அதுல ஒருத்தர் வயசானவர், சின்னதா பண்றவர், லேபிள் திருத்தம் விஷயமா வீடியோ கால்ல வந்தாரு. வேலை முடிஞ்சதும் நான் மெதுவா கேட்டேன், சார், உங்களுது எப்பவுமே 14 கிட்டயே நிக்குதே, ஏத்தணும்னு தோணலயான்னு. அவர் சிரிக்கல, கோவப்படவும் இல்ல, பொறுமையா சொன்னாரு. முப்பதை தொட்ட ரகம் எல்லாம் மொட்டு கெட்டியா கனமா வரும், ஈரம் உள்ள நின்னு சாம்பல் பூஞ்சாணம் புடிச்சு அறுவடைக்கு பத்து நாள் முன்னாடி மொத்தமும் போயிடும். எல்லாரும் நாலஞ்சு தாய்ச்செடிலயே சுத்தி சுத்தி வர்றதால வாசனையும் ஒண்ணுபோல ஆயிடுச்சு. தன்கிட்ட இருக்கறது பழைய விதை, காத்து உள்ள போற மாதிரி மொட்டு, வாங்கறவங்க பெரும்பாலும் அம்பது வயசு தாண்டினவங்க, சின்ன வயசுல விட்டுட்டு இப்ப திரும்ப வந்தவங்க, கடையில 28 வாங்கி ரெண்டு இழுப்புல நெஞ்சு படபடத்து பயந்து போய் தன்கிட்ட வந்தாங்க, பதினாலு போதும்னு அவங்களே சொல்றாங்க, மறுமாசமும் வராங்க. மறுமாசமும் வராங்கன்னு ரெண்டு தடவை சொன்னாரு.

அவர் சொன்னதுக்கு ஆதாரம் தேடினேன். கொலராடோ யுனிவர்சிட்டில 121 பேரை வெச்சு ஒரு ஆய்வு, 2020ல வந்துச்சு, வேனையே லேபா மாத்தி அவங்கவங்க வீட்டு வாசலுக்கே போய் ரத்தம் எடுத்திருக்காங்க. 16 சதவீதம், 24 சதவீதம் பூ ஒரு பக்கம், 70, 90 சதவீத கான்சன்ட்ரேட் இன்னொரு பக்கம். கான்சன்ட்ரேட் எடுத்தவங்க ரத்தத்துல டிஹெச்சி ரொம்ப அதிகம், ஆனா போதை எவ்வளவுன்னு கேட்டா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்ப அந்த மிச்சம் எல்லாம் எதுக்கு ஒடம்புக்குள்ள போகுது?

ஞாயித்துக்கிழமை ஏற்காடு போனேன், எங்க ஊரு நாகலூர் பக்கம். அப்பா ஒரு எஸ்டேட்ல மேஸ்திரியா இருந்தவரு, சொந்தமா ஒண்ணரை ஏக்கர் காப்பி, சில்வர் ஓக் மரத்துல மிளகு கொடி. களத்துல மிளகு காயுது, நான் கையில அள்ளி மோந்து பாத்தேன். எங்க ஷீட்ல வாசனைப் பொருள் லிஸ்ட்ல பீட்டா கேரியோஃபிலின்னு ஒண்ணு வரும், மிளகுலயும் அதேதான், ரெண்டு செடியிலயும் இருக்கு, அது ஒடம்புல செல்லு மேல இருக்கற சிபி2ங்கற ரிசெப்டர்ல (ஏற்பி) போய் ஒட்டுதுன்னு 2008ல கண்டுபிடிச்சாங்க. அப்பாகிட்ட சொன்னேன். அவரு மிளகை விட்டுட்டு காப்பிக்கு தாவிட்டாரு. ரொபஸ்டாவுல காஃபீன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கண்ணு, அரபிக்காவுல 1.2 சதவீதம்னா ரொபஸ்டாவுல 2.2, ஆனா வெலை எதுக்கு ஜாஸ்தி, அரபிக்காவுக்குத்தான, எவனாவது காஃபீன் எவ்வளவுன்னு கேட்டு காப்பி வாங்கறானா, பழுத்த பழமா பறிச்சயா, பல்ப்பர்ல போட்டு நல்லா கழுவினயா, களத்துல பதமா காயவெச்சயான்னுதான் பாப்பான்னாரு. கனடா பெரியவரும் இப்படித்தான் பேசினாருன்னு நான் சொன்னதுக்கு, வெவசாயம் பண்றவன் வேற எப்படி பேசுவான்னாரு.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். நான் இதை எல்லாம் எழுதறது கம்மியா இருந்தா ஆபத்தில்லன்னு சொல்ல இல்ல. எங்க தெருவுல, கன்னங்குறிச்சி பக்கம், ஒரு அக்கா பையன், பத்தொம்பது வயசு, காலேஜ் ரெண்டாவது வருஷம். ரூம்ல தனியா பேசறான், யாரோ பாக்கறாங்கன்னு ஜன்னலுக்கு பேப்பர் ஒட்டறான், மூணு நாளா தூங்கல. அக்கா என்னை கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு போனாங்க. டாக்டர் கேட்டாரு, எவ்வளவு நாளா, தினமுமா, என்ன மாதிரி சரக்கு, எவ்வளவு ஸ்ட்ராங். பையனுக்கு தெரியல. பொட்டலம்னு மட்டும் சொன்னான். நான் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன், பல்லாயிரம் மைல் தாண்டி இருக்கற ஒரு பூவுல எவ்வளவு டிஹெச்சின்னு தசமத்துக்கு அப்பறம் ரெண்டு ஸ்தானம் வரைக்கும் எனக்கு தெரியும், எதிர்ல படுத்திருக்கற புள்ள என்னத்தை இழுத்தான்னு ஒருத்தருக்கும் தெரியல. தொண்டை அடைச்சிடுச்சு.

தினமுமா, எவ்வளவு ஸ்ட்ராங்னு டாக்டர் கேட்டதுக்கு காரணம் இருக்கு. 2019ல லான்செட் சைக்கியாட்ரில ஐரோப்பா, பிரேசில் ஊர்கள்ல எடுத்த ஆய்வு வந்துச்சு, தினமும் எடுக்கறவங்களுக்கு சைக்கோசிஸ், அதாவது இல்லாததை இருக்கறதா நம்பற மனநோய், வர்ற வாய்ப்பு எடுக்காதவங்களைவிட மூணு மடங்கு, அதுவே 10 சதவீதத்துக்கு மேல இருக்கற சரக்கை தினமும் எடுத்தா கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. ஜெர்மனில 2024 ஏப்ரல்ல சட்டம் கொண்டு வந்தப்ப 18ல இருந்து 21 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு கிளப்ல 10 சதவீதத்துக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு வெச்சிருக்காங்க. அந்தக் கணக்குல பாத்தா பெரியவரோட பதினாலே அதிகம். சிபிடி சேந்திருந்தா டிஹெச்சியை அடக்கிடும்னு கஸ்டமர் விளம்பரத்துல போடுவாங்க, நானும் நம்பினேன், ஆனா லண்டன் கிங்ஸ் காலேஜ்ல 46 பேரை வெச்சு பாத்ததுல அவங்க குடுத்த அளவுக்கு அப்படி ஒண்ணும் காப்பாத்தல.

நம்ம சட்டத்துல இந்த சதவீதப் பேச்சே கிடையாது. 1985 போதைப்பொருள் சட்டப்படி பூவும் காயும் இருக்கற நுனிதான் கஞ்சா, நுனி சேராத தனி இலையும் விதையும் அதுல வராது, அப்பறம் எல்லாம் எடைதான். ஒரு கிலோ வரைக்கும் சின்ன அளவு, இருபது கிலோவுக்கு மேல வியாபார அளவு, அதுக்கு பத்து வருஷத்துல இருந்து இருபது வருஷம் ஜெயில். சேலம் ஜங்ஷன்ல வடக்க இருந்து வர்ற ரயில்ல பொட்டலம் பிடிச்சாங்கன்னு அடிக்கடி பேப்பர்ல வருது, எத்தனை கிலோன்னு போடுவாங்க, உள்ள என்ன இருக்குன்னு யாரும் சொல்றதில்ல. அக்கா போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு பயந்துதான் ஒரு மாசம் வெளிய சொல்லாம வெச்சிருந்தாங்க. அதே சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, சின்ன அளவோட மாட்டினவங்க தானா சிகிச்சைக்கு வந்து முழுசா முடிச்சா வழக்குல இருந்து விலக்கு உண்டு. இது தெரிஞ்சிருந்தா அந்த ஒரு மாசம் வீணாகியிருக்காது, பக்கத்துல யாராவது இப்படி பயந்துக்கிட்டு இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.

பையன் இப்ப மாத்திரை சாப்படறான், தூங்கறான், காலேஜுக்கு இந்த வருஷம் லீவு. சாயங்காலம் நான் ஷிஃப்டுக்கு கெளம்பறப்ப திண்ணையில உக்காந்திருப்பான், என்னை பாத்து, அக்கா, நைட்டு டூட்டியான்னு கேப்பான், ஆமாண்டான்னு சொல்லுவேன்.

போன வாரம் பெரியவரோட அடுத்த பேட்ச் வந்துச்சு. 13.6. லேபிள்லயும் 13.6தான் போட்டிருந்தாரு, ரெண்டையும் மூணு தடவை ஒத்துப் பாத்துட்டு அப்ரூவ் பண்ணினேன். பக்கத்து டேப்ல வேற ஒருத்தரோட ஃபைல், ரெண்டு லேப் ரிப்போர்ட், 21.4, 28.9. இந்த தடவை லீட் வந்து கேட்டும் க்ளோஸ் பண்ணல, ரெண்டு ரிப்போர்ட்டும் ஏன் ஒத்துப்போகலன்னு எழுதி கஸ்டமருக்கே திருப்பி அனுப்பிட்டேன், பதில் இன்னும் வரல.