142 கிலோமீட்டர் 46 ஆன மலை: எலெக்ட்ரிக் பைக்கில் கோவையிலிருந்து ஊட்டிக்கு

எடுத்த எடுப்பிலேயே கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்தில் பேட்டரி 80 சதவீதம். போனில் பைக் கம்பெனியின் ஆப்பைத் திறந்தால் இன்னும் 142 கி.மீ. ஓடும் என்கிறது. அங்கிருந்து குன்னூர் வெறும் 34 கி.மீ. ஏறி முடித்துவிட்டுப் பார்த்தால் அதே ஆப் 46 கி.மீ. தான் மிச்சம் என்கிறது. ஓடியது முப்பத்து நான்கு, காணாமல் போனது தொண்ணூற்றாறு! முதல் தடவை எலெக்ட்ரிக் பைக்கில் நீலகிரி ஏறுகிறவர்கள் பாதி வழியில் பயந்து திரும்புவதற்கு இந்த ஒரு எண்தான் காரணம். பைக்கில் ஒரு கோளாறும் கிடையாது. பேட்டரியிலும் கிடையாது.

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். கடைசியாக ஓடிய சில கிலோமீட்டரில் சராசரியாக எவ்வளவு மின்சாரம் செலவானது என்று ஆப் பார்க்கிறது. மிச்சமிருக்கும் மின்சாரத்தை அதால் வகுக்கிறது. அவ்வளவுதான். முன்னால் மலை இருப்பது அதற்குத் தெரியாது. மேட்டுப்பாளையம் வரை சமவெளி, கிலோமீட்டருக்கு 40 வாட் அவர் (ஆயிரம் வாட் அவர் சேர்ந்தால் ஒரு யூனிட்). மலையில் அது 70 ஆகிறது. குன்னூரில் நின்று பார்க்கும்போது, இனி எல்லா ரோடும் அப்படியேதான் இருக்கும் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது.

ஆகவே கிலோமீட்டர் எண்ணைப் பார்க்காதீர்கள். சதவீதத்தைப் பாருங்கள், உயரத்தைப் பாருங்கள். என் கணக்கு எல்லாம் 7 யூனிட் சொச்சம் பேட்டரி உள்ள பைக்குக்கு (7.1 என்று வைத்துக்கொள்ளுங்கள்). பைக், ஓட்டுபவர், பை எல்லாம் சேர்த்து 290 கிலோ. இந்த எடையை 100 மீட்டர் உயரம் தூக்க 79 வாட் அவர் வேண்டும். மோட்டாரிலும் அதற்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரிலும் வீணாவதையும் சேர்த்தால் 93. அதாவது பேட்டரியில் 1.3 சதவீதம். பின்னால் 60 கிலோ ஆள் உட்கார்ந்தால் 1.6 என்று வைத்துக்கொள்ளலாம். இதோடு, மலையில் 30, 35 வேகத்தில் உருளுவதற்கு மட்டும் கிலோமீட்டருக்கு 30 வாட் அவர்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு உயரத்துக்கு 20 சதவீதம், தூரத்துக்கு 14, ஆக 34. குன்னூரிலிருந்து ஊட்டி 18 கி.மீ., அதற்கு 13. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் 35 கி.மீ., அதற்கு 20. கூட்டினால் 67. முழு சார்ஜில் கிளம்பினால் மூன்றில் ஒரு பங்கு கையில் வைத்துக்கொண்டே ஊட்டி போய்ச் சேரலாம். இதைக் கிளம்பும் முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: மேட்டுப்பாளையம் 80, குன்னூர் 46, ஊட்டி 33. ஒவ்வோர் ஊரிலும் ஆப்பில் உள்ள சதவீதத்தை இதோடு ஒப்பிட வேண்டும். மூன்று நான்கு குறைந்தால் கவலையில்லை. எட்டு, பத்து குறைந்தால் டயர் காற்றைப் பாருங்கள், பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

கோவை ஊருக்குள்ளும் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் நெரிசலிலும் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று, காரமடை தாண்டி ரோடு காலியாகக் கிடைத்ததும் 80-இல் விரட்டத் தோன்றும். 50, 55-இல் போனால் 40 வாட் அவர், 80-இல் போனால் 50-ஐத் தாண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. நாலைந்து நிமிடம் மிச்சப்படுத்த மலைக்கு வேண்டிய கரண்டைக் கரைக்கக் கூடாது.

கல்லாறு தாண்டினால் மலை. பர்லியாறு வழியாகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். எலெக்ட்ரிக் பைக்கில் இந்த ரோடு சொர்க்கம். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, வளைவுக்கு நடுவில் இன்ஜின் திணறி நிற்பது இல்லை. குரங்கு கத்துவதும் மூங்கில் உரசுவதும் காதில் விழுகிறது. பெட்ரோல் பைக்கில் இந்த மலையை ஏறியவர்கள் ஒரு முறையாவது இப்படி ஏறிப் பார்க்க வேண்டும்.

ஆப்பில் இங்கே பார்க்க வேண்டியது பேட்டரி வெப்பநிலை. சித்திரை வெயிலில் சமவெளியில் சூடான பேட்டரி, இடைவிடாத ஏற்றத்தில் இன்னும் சூடாகும். ஓர் அளவைத் தாண்டினால் பைக் தானாகவே பவரைக் குறைத்துவிடும். திராட்டிலை முறுக்கினாலும் வேகம் ஏறாது. அப்போது பைக்கைத் திட்டாமல் நிழலில் பதினைந்து இருபது நிமிடம் நிறுத்துங்கள். பவரைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோடில் ஏறினால் பெரும்பாலும் இந்த நிலையே வராது. இன்னொன்று, 15 சதவீதத்துக்குக் கீழே மலை ஏறாதீர்கள். சார்ஜ் குறைந்த பேட்டரியில் நிறைய கரண்ட் இழுத்தால் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். திரையில் 12 சதவீதம் காட்டும்போதே பைக் ஊர்ந்து போகத் தொடங்கிவிடும்.

மலையில் சில வளைவுகளில் சிக்னல் அறுந்துபோகும். பைக்குக்குள் இருக்கும் சிம் வழியாகத் தகவல் அனுப்பும் ஆப்பாக இருந்தால், நீங்கள் பார்ப்பது பத்து நிமிடத்துக்கு முந்தைய சதவீதமாக இருக்கலாம். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று சின்ன எழுத்தில் ஒரு நேரம் போட்டிருப்பார்கள், அதை முதலில் பாருங்கள். பழையதாக இருந்தால் பைக்கின் மீட்டரில் உள்ளதுதான் உண்மை. மேப்பைக் கோவையிலேயே ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போனை ஹேண்டில்பாரில் மாட்டுகிறவர்கள் அதிர்வைத் தாங்கும் ரப்பர் பொருத்திய மவுண்ட் வாங்குங்கள். பைக் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. அதிர்வு குறைவான எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் இந்த மவுண்ட்டையே பரிந்துரைத்தது. ஆண்ட்ராய்டாக இருந்தால் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். இல்லையென்றால் திரை அணைந்ததும் போன் ஆப்பைத் தூங்க வைத்துவிடும், சார்ஜ் நின்றுபோனால் அறிவிப்பு வராது. இது எவ்வளவு பெரிய தொல்லை என்பது ஊட்டியில் தெரியும்.

அதற்கு முன் குன்னூர். சூடான டீயும் வர்க்கியும். வர்க்கியை டீயில் முக்கி, அது ஊறி உடைவதற்குள் வாயில் போட வேண்டும். குளிரில் அதற்கு ஈடு எதுவும் இல்லை, ஊட்டியில் நட்சத்திர ஓட்டலில் கொடுக்கும் கேக்கை விட இது ஆயிரம் மடங்கு மேல். மறக்காமல் ஆப்பையும் பார்த்துவிடுங்கள். 46 சதவீதம் இருக்கிறதா? போதும், ஏறுங்கள்.

இப்போது ஊட்டி விடுதிகள். பைக்கை சார்ஜ் போட வேண்டும் என்றதும் ஒரு விடுதியில் 300 ரூபாய் கேட்டார்கள். கணக்கைப் பாருங்கள். 33-இலிருந்து 70 சதவீதத்துக்கு ஏற்ற 2.6 யூனிட். சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தால் சுவரிலிருந்து 3 யூனிட். வணிக இணைப்பில் யூனிட் சுமார் 10 ரூபாய் என்றால் 30 ரூபாய்! பத்து மடங்கு கேட்பது பகல் கொள்ளை. ஆப்பில் எத்தனை யூனிட் ஏறியது என்று பதிவாகும், அதைக் காட்டிப் பேசுங்கள். 50 ரூபாய் கொடுத்தால் விடுதிக்கும் நஷ்டமில்லை. அறை போடும் முன்பே போனில் இதைப் பேசி முடித்துக்கொள்வது இன்னும் நல்லது. கீழ்த்தளத்தில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எர்த் இல்லாத பிளக்கில் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது, சிவப்பு விளக்கு எரியும், ஆப்பில் சார்ஜ் ஆகவில்லை என்று வரும். 1.3 கிலோவாட் சார்ஜர் 6 ஆம்பியருக்கு அருகில் மணிக்கணக்காக இழுக்கும். விடுதிக்காரர் தரும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடாகி உருகும். 2.5 சதுர மி.மீ. வயரில் பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சொந்தமாகவே கொண்டுபோங்கள். சார்ஜை ராத்திரியே முடியுங்கள். விடியற்காலையில் எல்லா அறையிலும் கீசர் போடுவார்கள், சுமை தாங்காமல் எம்சிபி (மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) விழும், உங்கள் சார்ஜும் நிற்கும். மேலே சொன்ன அறிவிப்பு அமைப்பு இங்கேதான் கைகொடுக்கும். மார்கழி, தையில் உறைபனி விழும் ஊர் இது. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. மலை ஏறி வந்த சூடு ஆறுவதற்குள் போட்டுவிடுவதுதான் சரி.

100 வரை ஏற்ற வேண்டாம். ஆப்பில் வரம்பை 70 என்று வையுங்கள், அந்த வசதி இல்லாவிட்டால் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். நிரம்பிய பேட்டரி, இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் கரண்டை ஏற்றுக்கொள்ளாது. மோட்டார் பிரேக் வேலை செய்யாமல் மொத்தச் சுமையும் டிஸ்க் பிரேக்கில் விழும், மலையில் அது ஆபத்து.

3 யூனிட்டுக்குள் பேட்டரி உள்ள ஸ்கூட்டர்காரர்கள் கோவையிலிருந்து ஒரே மூச்சில் ஊட்டி போக நினைக்காதீர்கள், போக முடியாது. மேட்டுப்பாளையத்தில் முழுக்க ஏற்றுங்கள், குன்னூரில் டீ குடிக்கும்போது இன்னொரு முறை கொஞ்சம் ஏற்றுங்கள். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்பும் முன் அதன் தற்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்குவதற்குக் கோத்தகிரி வழி. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழியாக்குவார்கள், மற்ற நாளிலும் இதுதான் அழகான ரோடு. கோத்தகிரி வரை 29 கி.மீ., பத்து சதவீதம் போகும். அங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ. முழுக்க இறக்கம். பேட்டரி ஒரு சதவீதம்கூடக் குறையாது, நிதானமாக இறங்கினால் மூன்று நான்கு கூடும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பங்கை உருளலும் காற்றும் தின்றுவிடும்.

மேட்டுப்பாளையத்தில் ஆப் மறுபடியும் பொய் சொல்லும், இந்தத் தடவை எதிர்த்திசையில். செலவே இல்லாமல் இறங்கியதால் 250, 300 கி.மீ. ஓடும் என்று காட்டும். கையில் 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், உண்மையில் அது 105, 110 கி.மீ. தான். காரமடை வருவதற்குள் எண் தானாக இறங்கிவிடும். கோவைக்கு 20 சதவீதம் போதும். போக வர மொத்தம் ஏழெட்டு யூனிட், எல்லாம் வணிக விலையில் வாங்கினாலும் 80 ரூபாய். இதே தூரத்துக்கு லிட்டருக்கு 40 கி.மீ. தரும் பெட்ரோல் பைக்குக்கு நானூறு ரூபாய்க்கு மேல் ஆகும்.