ஒரே பெயரில் பல கிளஸ்டர்கள்: கியூப்கான்ஃபிக் கோப்புகளைப் பிரித்து வைத்த அனுபவம்

குபர்நெட்டிஸ் கிளஸ்டர்கள் (கன்டெய்னர் செயலிகளை ஓட்டும் சர்வர் தொகுப்புகள்) ஒன்றிரண்டு இருந்தவரை, அவற்றோடு இணைவதற்கான விவரங்கள் அடங்கிய கியூப்கான்ஃபிக் கோப்பைப் பற்றி எங்கள் குழுவில் யாரும் யோசித்ததே இல்லை. ஹோம் ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் கியூப் ஃபோல்டரில், கான்ஃபிக் என்ற பெயரில் அது பாட்டுக்கு இருக்கும். கிளஸ்டருக்குக் கட்டளையிடும் நிரலான கியூப்சிடிஎல் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். கிளஸ்டர்கள் பெருகப் பெருக, சாட்டில் வந்த கோப்பு டவுன்லோட்ஸில், சர்வரிலிருந்து நகலெடுத்தது டெஸ்க்டாப்பில், எதற்கு என்றே தெரியாத இன்னும் சில வேறெங்கோ என்று ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. இதை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்துவிடு" என்பதுதான். செய்வதும் எளிது. கியூப்கான்ஃபிக் என்ற சூழல் மாறியில் கோப்புகளின் பாதைகளை முக்காற்புள்ளி போட்டு வரிசையாகக் கொடுத்தால் (விண்டோஸில் அரைப்புள்ளி), கியூப்சிடிஎல் அவற்றை ஒன்றாகவே பார்க்கும். கான்ஃபிக் வியூ கட்டளையுடன் ஃபிளாட்டன் சேர்த்தால் சான்றிதழ்களையும் உள்ளே வைத்து ஒற்றைக் கோப்பாகக் கொடுத்துவிடும். அந்த வெளியீட்டை வேறு பெயரில் சேமியுங்கள். படித்துக்கொண்டிருக்கும் அதே கோப்புக்குத் திருப்பிவிட்டால், கட்டளை ஓடத் தொடங்கும் முன்பே ஷெல் அதைக் காலியாக்கிவிடும்.

நானும் அப்படித்தான் தற்காலிகமாக ஒரு கோப்பில் சேர்த்துப் பார்த்தேன். டெஸ்ட் என்ற காண்டெக்ஸ்ட்டுக்கு (எந்தக் கிளஸ்டரோடு பேசுவது என்ற தேர்வு) மாறி, நோடுகளின், அதாவது கிளஸ்டரில் உள்ள கணினிகளின், பட்டியலைக் கேட்டேன். வந்தவை புரொடக்ஷன், அதாவது நிஜப் பயன்பாட்டில் உள்ள கிளஸ்டரின், நோடுகளின் பெயர்கள். பிழைச் செய்தி எதுவும் இல்லை. காண்டெக்ஸ்ட் பெயரைக் கேட்டால் டெஸ்ட் என்றே சொன்னது.

கோப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. கியூப்கான்ஃபிக்கில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. கிளஸ்டர் பட்டியலில் சர்வர் முகவரியும் அதன் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழும். யூசர் பட்டியலில் நாம் யார் என்பதற்கான சான்றிதழோ டோக்கனோ. காண்டெக்ஸ்ட் என்பது இந்தக் கிளஸ்டரை இந்த யூசரோடு சேர் என்று பெயர்களால் போடும் முடிச்சு மட்டுமே. இந்தப் பெயர்கள் நம் கணினிக்குள் மட்டும் செல்லுபடியானவை, சர்வருக்கு இவற்றைப் பற்றி எதுவும் தெரியாது. சிக்கல் என்னவென்றால், கியூப்அட்மின் என்ற கருவி நிறுவும் கிளஸ்டர்கள் எல்லாவற்றுக்கும் இயல்பாகவே கிளஸ்டர் பெயர் குபர்நெட்டிஸ், யூசர் பெயர் குபர்நெட்டிஸ்-அட்மின். கே3எஸ் என்ற இலகுவான குபர்நெட்டிஸ் வகை இன்னும் மோசம், அதில் மூன்றுக்குமே டிஃபால்ட் என்றுதான் பெயர்.

கோப்புகளைச் சேர்க்கும்போது ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால், வரிசையில் முதலில் இருக்கும் கோப்பில் உள்ளதுதான் நிற்கும். அடுத்தது சத்தமே இல்லாமல் தள்ளப்படும். முன்பே யாரோ இரண்டாவது கோப்பில் காண்டெக்ஸ்ட்டின் பெயரை மட்டும் டெஸ்ட் என்று மாற்றியிருந்தார். அது மோதவில்லை, அதனால் பட்டியலில் தங்கிவிட்டது. ஆனால் அது சுட்டிய குபர்நெட்டிஸ் என்ற கிளஸ்டரும் குபர்நெட்டிஸ்-அட்மின் என்ற யூசரும் முதல் கோப்பிலிருந்து, அதாவது புரொடக்ஷனிலிருந்து வந்தவை. முகவரியும் சரி, சான்றிதழும் சரி, பிறகு பிழை எங்கிருந்து வரும்? நான் கேட்டது பட்டியலைத்தான். அதே இடத்தில் யாராவது ஒரு நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் இருக்கும் ஒரு பிரிவு) அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சரி, பெயர்களைத் திருத்தலாம் என்றால், காண்டெக்ஸ்ட்டின் பெயரை மாற்றத்தான் கியூப்சிடிஎல்லில் கட்டளை உண்டு. கிளஸ்டருக்கும் யூசருக்கும் கிடையாது. எடிட்டரில் திறந்து, அந்தந்தப் பட்டியலில் ஒருமுறையும் காண்டெக்ஸ்ட்டுக்குள் ஒருமுறையும் கையால் மாற்ற வேண்டும். காண்டெக்ஸ்ட்டை அழிக்கும் கட்டளையும் இதே ரகம். முடிச்சை அவிழ்க்குமே தவிர, கீழே இருக்கும் சான்றிதழும் சாவியும் கோப்பிலேயே கிடக்கும். எல்லாக் கோப்புகளிலும் மூன்று பெயர்களையும் கிளஸ்டரின் பெயரோடு சேர்த்துத் தனித்துவமாக வைத்தேன். அதோடு, ஒன்றாகச் சேர்ப்பது என்ற யோசனையையே கைவிட்டேன். ஒரு கிளஸ்டருக்கு ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

பெயர் மாற்றும்போது கோப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நேர்ந்தது. உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது. கான்ஃபிக் வியூ சான்றிதழ்களை மறைத்துத்தான் காட்டும். ரா என்ற தேர்வைச் சேர்த்தால் முழுதாகக் காட்டும். நீளமான அந்த எழுத்துக்கூட்டம் வெறும் பேஸ்64, மறைகுறியாக்கம் எல்லாம் இல்லை. அதைப் பிரித்து ஓப்பன்எஸ்எஸ்எல் கருவிக்குக் கொடுத்தால் யாருடைய சான்றிதழ், எந்தக் குழுவைச் சேர்ந்தது, எப்போது காலாவதி என்று எல்லாம் தெரியும். பார்த்தால், பாதிக்கு மேல், கிளஸ்டரை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பிளேன் சர்வரிலிருந்து அப்படியே நகலெடுத்த அட்மின் கோப்புகள். குழுவின் பெயர் சிஸ்டம் மாஸ்டர்ஸ்.

இந்தக் குழுவுக்கு, யாருக்கு என்ன அனுமதி என்று வகுக்கும் ஆர்பிஏசி விதி எதுவும் பொருந்தாது. அனுமதியை ஒருவருக்கு வழங்கும் ரோல்பைண்டிங்கை அழித்தாலும் அதிகாரம் போகாது. குபர்நெட்டிஸில் கிளையன்ட் சான்றிதழை ரத்து செய்யும் வழியும் இல்லை. காலாவதி ஆகும்வரை காத்திருக்க வேண்டும், கியூப்அட்மின் தருவதற்கு அது ஓர் ஆண்டு. இல்லையென்றால் சிஏவையே மாற்ற வேண்டும். 1.29 பதிப்பிலிருந்து கியூப்அட்மின் இதைக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறது. அட்மின் கோப்புக்கு ஆர்பிஏசிக்குக் கட்டுப்பட்ட தனிக் குழு, சிஸ்டம் மாஸ்டர்ஸ் சான்றிதழ் சூப்பர்-அட்மின் என்ற வேறு கோப்பில். எங்களுடையவை அதற்கு முந்தியவை. சிறிய கிளஸ்டர்களைப் புதிதாகவே நிறுவிவிட்டோம். புரொடக்ஷனில் சிஏ மாற்றினோம். அந்த வேலையை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் வேறு வழியும் இருக்கவில்லை.

அதன் பிறகு மனிதர்களுக்கென்று தரும் கோப்பில் ரகசியம் எதுவும் வைப்பதில்லை. யூசர் பகுதியில் எக்ஸெக் என்று எழுதி, நிறுவன லாகின் மூலம் டோக்கன் வாங்கித் தரும் நிரலின் பெயரை மட்டும் கொடுக்கிறோம். யாராவது வேலையை விட்டுப் போனால் லாகினை மூடினால் போதும், கோப்பைத் தேடி ஓட வேண்டியதில்லை. கோப்பையும் கிட் களஞ்சியத்தில் தைரியமாகப் போடலாம். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸெக் என்றால் நம் கணினியில் ஒரு கட்டளை ஓடுகிறது என்று பொருள். ஆகவே முன்பின் தெரியாதவர் அனுப்பும் கியூப்கான்ஃபிக்கை, முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஸ்கிரிப்ட்டுக்குச் சமமாகவே பார்க்க வேண்டும். திறந்து படிக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

சிஐ (நிரலைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) போன்ற இயந்திர வேலைகளுக்கு, மனிதருக்கல்லாத கணக்கான சர்வீஸ் அக்கவுன்ட். 1.24 முதல் அதற்கு நிரந்தர டோக்கன் தானாக உருவாவதில்லை. கிரியேட் டோக்கன் கட்டளையில் கேட்டு வாங்கினால், நேரம் குறிப்பிடாதபோது வழக்கமாக ஒரு மணி நேரத்துக்குத்தான் கிடைக்கும். பைப்லைன் ஓட அது தாராளம்.

தினசரிப் பயன்பாட்டுக்கு நான் வைத்திருப்பது ஷெல்லில் சின்ன ஃபங்ஷன் ஒன்று. கிளஸ்டர் பெயரைக் கொடுத்தால், அந்த டெர்மினலில் மட்டும் சூழல் மாறியை அதற்குரிய கோப்புக்கு மாற்றும். காண்டெக்ஸ்ட் மாற்றும் கட்டளையை இதற்காகத்தான் தவிர்க்கிறேன். நடப்புக் காண்டெக்ஸ்ட் கோப்புக்குள்ளேயே எழுதப்படுவதால், ஒரு டெர்மினலில் மாற்றினால் அதே கோப்பைப் பார்க்கும் மற்ற டெர்மினல்களிலும் மாறிவிடும். பிராம்ப்ட்டில் காண்டெக்ஸ்ட் பெயர் எப்போதும் தெரிகிறது. கோப்புகளின் அனுமதி 600, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்கும்படி விட்டால் குபர்நெட்டிஸில் செயலிகளை நிறுவும் ஹெல்மே எச்சரிக்கை போட்டுத் தொல்லை பண்ணும், பண்ணட்டும்.

இயல்பான கான்ஃபிக் கோப்பைக் காலியாகவே வைத்திருக்கிறேன். எதையும் தேர்ந்தெடுக்காமல் புது டெர்மினலில் கட்டளை போட்டால், லோக்கல்ஹோஸ்ட் 8080-இல் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வரும். புதிதாகச் சேர்பவர்கள் இதைப் பார்த்துக் கிளஸ்டரே விழுந்துவிட்டதோ என்று பதறுவார்கள். எனக்கு அந்தப் பிழைதான் வேண்டும், தெரியாமல் புரொடக்ஷனுக்குப் போவதைவிட எங்கும் போகாமல் நிற்பது மேல்.

அதைக் காலியாகவே வைத்திருப்பதுதான் கொஞ்சம் பாடு. சொந்தக் கணினியில் கிளஸ்டர் அமைக்கும் மினிகியூப், கைண்ட், கிளவுட் நிறுவனங்களின் கட்டளைகள் எல்லாம், வேறு இடம் சொல்லாவிட்டால், அந்தக் கோப்பில்தான் போய் எழுதுகின்றன. எழுதியதும் புதியதையே நடப்புக் காண்டெக்ஸ்ட்டாகவும் ஆக்கிவிடும். அவற்றை ஓட்டும் முன் சூழல் மாறியைப் புதிய கோப்புப் பெயருக்கு மாற்றிக்கொண்டால் போதும், அந்தக் கோப்பை அவையே உருவாக்கிக்கொள்ளும். அமேசானின் கட்டளையில் அலையஸ் (மாற்றுப் பெயர்) கொடுக்கும் வசதியும் இருக்கிறது, இல்லாவிட்டால் கிளஸ்டரின் முழு ஏஆர்என்னும் (அமேசானின் நீண்ட அடையாளப் பெயர்) காண்டெக்ஸ்ட் பெயராகி பிராம்ப்ட்டை அடைத்துக்கொள்ளும்.