லாயத்துக்கு இரும்புக் கதவு செய்து முடிப்பதற்குள்

லாயத்துக் கதவும் கம்பித் தடுப்பும் ஒருவழியாக மாட்டியாகிவிட்டது. அளவெடுத்ததிலும் குழாய் வாங்கியதிலும் ஒரு சிக்கலும் இல்லை. பட்டறையில்தான் ஆரம்பித்தது.

பட்டறைக்காரர் ஜன்னல் கிரில் செய்து கைதேர்ந்தவர். கம்பிகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே போட்டுக் கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால் 5 இஞ்ச் விட்டு வெல்டிங்கே முடித்துவிட்டார். "எதுக்கு சார் இவ்வளவு கம்பி, வெயிட்தான் ஏறும்" என்கிறார். குதிரை உதைக்கும்போது அந்தச் சந்தில் குளம்பு சாய்வாக நுழைந்துவிடும், திரும்ப வராது, மிரண்டு இழுத்தால் கால் போச்சு. அறுத்தெடுத்தால் சட்டம் கோணிவிடும் என்பதால் ஒவ்வொரு சந்துக்கும் நடுவே ஒரு கம்பி சேர்க்கச் சொன்னேன். இடைவெளி 75-க்கும் கீழே வந்துவிட்டது, நல்லதுதான். முனைகளைக் கையால் தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன், பிசிறு இருந்தால் தோலைக் கிழித்துவிடும்.

அப்புறம் கால்வனைஸிங், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு ஏற்றுவது. சிறுநீரும் ஈரப் படுக்கையும் சேர்ந்து கதவின் அடிப்பாகத்தை அரித்துத் தின்னும், வெறும் பெயின்ட் தாங்காது. வண்டி பிடித்துக் கொண்டுபோய் இறக்கினால் அங்கே உட்கார்ந்திருந்தவர் ஒரே வரியில் "ஓட்டை இல்ல, எடுத்துட்டுப் போங்க" என்று முடித்துவிட்டார். எங்கே போடணும், எவ்வளவு பெரிசாகப் போடணும் என்று கேட்டால் "பட்டறையில கேளுங்க". பட்டறையில் கேட்டால் "அவங்களையே கேளுங்க". அவர் திருப்பி அனுப்பியது நியாயம்தான், அதைச் சொல்லியாக வேண்டும். உருகிய துத்தநாகம் சுமார் 450 டிகிரி செல்சியஸில் தகிக்கிற தொட்டி அது, மூடிய குழாய்க்குள் ஈரம் இருந்தால் ஆவியாகி வெடித்துவிடும். ஆனால் அதை வாய் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்? கடைசியில் உள்ளே வேலை செய்கிற ஒருவர்தான் சாக்பீஸால் குறி போட்டுக் காட்டினார்: சட்டத்தின் எதிரெதிர் மூலைகளில், ஒன்று காற்று போக, ஒன்று துத்தநாகம் வடிய. நடுக் குழாய்களுக்கும் தனித்தனியாக வேண்டும். இதை வெல்டிங்குக்கு முன்னாலேயே போடச் சொல்லிவிடுங்கள், பின்னால் டிரில் பிடிப்பது பெரும்பாடு.

திரும்பி வந்தபோது கீல் ஊசியும் தாழ்ப்பாள் கம்பியும் துத்தநாகத்தில் ஒட்டிக்கிடந்தன. அசையும் பாகங்களைக் கழற்றித் தனியாக அனுப்புங்கள், ஊசிக்கும் துளைக்கும் நடுவே கொஞ்சம் தாராளமாகவே இடம் விடுங்கள். ஒரு கொண்டியை அப்படியே பூச்சின் மேலேயே வைத்துப் பற்றவைக்கப் பார்த்தார் பட்டறைக்காரர். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். அந்த இடத்தை நன்றாகத் தேய்த்தெடுத்து, திறந்தவெளியில் வைத்துத்தான் பற்றவைக்க விட்டேன், மேலே துத்தநாக பெயின்ட் அடித்தாயிற்று.

தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. சாதாரண இழுப்புத் தாழ்ப்பாளை உதட்டாலேயே நகர்த்தித் திறக்கிற குதிரைகள் உண்டு, எங்களுடையது அந்த ரகம். ஸ்பிரிங் ஊசி வைத்து, வெளியே நீட்டிக்கொண்டு ஹால்டரில் (குதிரையின் தலையில் மாட்டும் வார்) மாட்டாதபடி சட்டத்துக்குள் அமுக்கி, ஒரு கையால் திறக்கிற மாதிரி செய்ய வைத்தேன். முதல் நாளே மூக்கை வைத்து அரை மணி நேரம் நெம்பிப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை, கோபத்தில் கதவை ஓர் உதை விட்டுவிட்டுப் போய்விட்டான்.