சி டிரைவில் சிவப்புக் கோடு

7 ஜூன் 2025, சனி

கம்ப்யூட்டரில் சி டிரைவ் மறுபடி சிவந்துவிட்டது. 97.6 ஜிபியில் மிச்சம் 2 ஜிபி கூட இல்லை. பக்கத்திலேயே டி டிரைவ், 833 ஜிபி, பாதிக்கு மேல் காலி. ஆறு வருஷத்துக்கு முன் அசெம்பிள் செய்து கொடுத்த தம்பி, “சி-க்கு 100 போதும்ணா” என்று சொல்லி 100000 எம்பி என்று தட்டினான். ஒரு ஜிபிக்கு 1024 எம்பி; வகுத்தால் 97.6. அன்றைக்குப் போதும்தான்.

8 ஜூன், ஞாயிறு

டிஸ்கைப் பிரித்துப் பங்குபோடும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, டி மேல் ரைட் கிளிக், சுருக்குவதற்கான ஷ்ரிங்க் வால்யூம், 102400 எம்பி, அதாவது 100 ஜிபி. நொடியில் வலது ஓரத்தில், யாருக்கும் ஒதுக்காத இடமாக, கருப்புப் பட்டை ஒன்று முளைத்தது. அட, இவ்வளவுதானா என்று சி மேல் ரைட் கிளிக் செய்தால் பெரிதாக்கும் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அரை மணி நேரம் முட்டிக்கொண்ட பிறகே உறைத்தது: சி-யின் சுவரை ஒட்டிக் காலி மனை வேண்டும். நான் காலி செய்தது டி-யின் கொல்லைப்புறம். விண்டோஸ் ஒரு பார்ட்டிஷனை, அதாவது சி, டி மாதிரி டிஸ்கின் ஒரு பங்கை, வால் பக்கம்தான் வெட்டும், தலைப்பக்கம் தொடாது.

10 ஜூன், செவ்வாய்

தலைப்பக்கமும் நகர்த்தத் தெரிந்த இலவச மென்பொருள் ஜிபார்ட்டெடை பென்டிரைவில் ஏற்றி பூட் செய்தேன். டி பக்கத்தில் எச்சரிக்கை முக்கோணம். காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்: ஷட் டவுன் என்று நாம் நினைப்பது பாதித் தூக்கம்தான், டிரைவின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ் பூட்டிய நிலையிலேயே இருக்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தபின் வழிக்கு வந்தது.

டி-யின் இடது முனையை இழுத்தேன். ஆனால் ‘அப்ளை’ கொடுக்கவில்லை. தலைப்பக்கம் நகர்ந்தால் உள்ளே இருக்கிற அத்தனையையும் அதே டிஸ்கிலேயே படித்து, தள்ளி எழுத வேண்டும். மணிக்கணக்காகும். நம் யுபிஎஸ்ஸோ கரண்ட் போனால் பத்து நிமிஷம் கத்திவிட்டு உயிரை விடும் ஜாதி. நடுவில் நின்றால் பாதி ஃபைல் அங்கே, பாதி இங்கே. எப்படியும் பேக்கப் எடுக்கத்தான் போகிறோம். எடுத்தபின் டி-யை அழித்துப் புதிதாகப் போட்டால் என்ன?

14 ஜூன், சனி

காலை ஆறு மணிக்கே எக்ஸ்டெர்னல் டிஸ்கைச் செருகிக் காப்பி போட்டேன். அக்கா கல்யாண வீடியோவில் வந்து நின்றது. 7 ஜிபி ஃபைல். டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் அமைப்பு, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. என்றோ பழைய டிவிக்காக நானே அப்படி ஃபார்மட் செய்தது, யாரைத் திட்ட? கன்வெர்ட் கட்டளை கொடுத்து, இருந்ததை அழிக்காமலே என்டிஎஃப்எஸ் ஆக்கி மீண்டும் காப்பி. ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிட்டேன். கல்யாண வீடியோவைத் தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டியும் பார்த்தேன். முழுசாக ஓடுகிறது.

பிறகு டி மேல் ‘டிலீட் வால்யூம்’. ‘யெஸ்’ அழுத்துமுன் எக்ஸ்டெர்னலைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைத் துண்டும் சேர்ந்து ஒரே கருப்புப் பட்டை. இப்போது எக்ஸ்டெண்ட் உயிரோடு இருந்தது. சி 250 ஜிபி ஆக ரெண்டு விநாடி. மிச்சத்தில் புது வால்யூம், அதே டி எழுத்து. பழைய ஷார்ட்கட்டெல்லாம் வழி தவறாது.

இரவு ஒன்பது மணி, திரும்பக் காப்பி 61 சதவீதம். அப்பா பழைய பாட்டு ஃபோல்டரைக் கேட்டார். “டி இன்னும் முழுசா வரலைப்பா.”

அடுப்படியிலிருந்து அம்மா: “இந்நேரத்துக்கு என்னடா டீ?”