வின்ச் வாங்கப் போகிறீர்களா?

மஹிந்திரா தார் ஜீப்புக்கு எந்த வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு போட்டு இழுக்க வண்டியில் பொருத்தும் கருவி) என்று கேட்பவர்களுக்கு: ஆள், சாமான் எல்லாம் ஏற்றிய மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்காவது இழுக்க வேண்டும். சேற்றில் அச்சு வரை புதைந்த வண்டிக்கு அதுவே மட்டுமட்டுதான். இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கும் இழுவை, உதாரணத்துக்கு 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ, கயிறு சுற்றும் உருளையான டிரம்மின் அடி அடுக்குக்கு மட்டுமே. கயிறு மேலே சுற்றச் சுற்ற இழுவை குறையும். அதனால் கயிற்றைக் கட்ட தூரத்து மரமே நல்லது, மேல் சுற்றுகள் வெளியே வந்துவிடும். அதற்காக முழுசாக உருவிவிடாதீர்கள், ஸ்டீல் கயிறென்றால் ஐந்து சுற்றாவது டிரம்மில் இருக்கட்டும்.

மரத்துக்கு அகலப் பட்டை, கைக்குத் தோலுறை. அப்புறம் கயிற்றின் நடுவில் கனமான ஜமுக்காளம் ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் வீச்சு குறையும். விறைத்து நிற்கும் கயிற்றை யாரும் தாண்டக் கூடாது, பக்கத்திலும் நிற்கக் கூடாது. வீடியோ எடுப்பவர் சரியாக அங்கேதான் வந்து நிற்பார், முதலில் அவரை விரட்டுங்கள்!