புராஜெக்ட் முடிந்த பிறகு அடிபம்பு யார் பொறுப்பு?

தொண்டு நிறுவனத்துக்குப் பணம் தருபவர் ஒருவர், அந்தப் பணத்தில் வரும் தண்ணீரைக் குடிப்பவர் வேறொருவர். குடிப்பவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தச் செய்தி நன்கொடையாளரின் காதுக்குப் போவது நிறுவனம் எழுதும் ரிப்போர்ட் வழியாக மட்டும்தான். எழுதுபவருக்கோ அடுத்த தவணை வந்தாக வேண்டும். கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிளேபம்ப் நினைவிருக்கலாம். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். 2006-இல் ஆப்பிரிக்க நாடுகளுக்காக இதற்கு 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். போட்டோவில் அருமையாக இருந்தது. ஆனால் குழந்தைகள் நாள் முழுக்க விளையாடவில்லை. கனமான அந்தச் சக்கரத்தைப் பெண்கள்தான் தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் ஊர்க்காரர்களால் சரிசெய்யவும் முடியவில்லை.

சாதாரண அடிபம்பிலும் இதே கதைதான். இந்தியா மார்க் 2 என்ற அடிபம்பு வகை உறுதியானது, ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால் குழாய் வரிசை மொத்தத்தையும் மேலே தூக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவிகளும் பழகிய ஆட்களும் வேண்டும். அடுத்து வந்த மார்க் 3-இல் குழாய் அகலம், வாஷர் உள்ள பிஸ்டனை மட்டும் உருவி எடுத்துவிடலாம். நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டதாக இருந்தால் ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அரித்து, தண்ணீர் செந்நிறமாகி, சோறும் துணியும் கறைபடும். பம்பு ஓடிக்கொண்டிருந்தாலும் பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடுவார்கள். ரிப்போர்ட்டில் அது "இயங்கும் பம்பு" என்றே பதிவாகும். குழாய் வாங்கும் முன்பே தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பார்த்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

நன்கொடையாளர்கள் "நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?" என்று கேட்பதை நிறுத்தினாலே பாதி பிரச்சினை குறையும் என்பது என் கருத்து. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் முதலில் களப்பணியாளரின் பயணச் செலவையும் மெக்கானிக் பயிற்சியையும் வெட்டுகிறார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: உதிரிபாகம் எந்தக் கடையில் கிடைக்கும்? அந்த ஊரில் பம்பைப் பிரிக்கத் தெரிந்தவர் யார்? புராஜெக்ட் முடிந்து இரண்டு ஆண்டு கழித்துப் போய்ப் பார்க்கப் பணம் ஒதுக்கியிருக்கிறதா?

நிறுவனங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊருக்கு ஒதுக்கிய தொகையையும் செலவையும் பஞ்சாயத்துச் சுவரில், ஊர் பேசும் மொழியில் பெரிதாக எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கூட்டத்தில் வாசியுங்கள். புகார் எண்ணும் அதே சுவரில் இருக்கட்டும். அந்த அழைப்பை எடுப்பவர் அந்த ஊரில் வேலை செய்யும் களப்பணியாளராக இருக்கக் கூடாது. அவர்மீதே புகார் இருந்தால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.